கணக்கெடுத்துப் பேசிய மனிதர்

குற்றாலத்திலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி டி.கல்லுப்பட்டி வரும். எத்தனையோ தடவை தூங்கிக்கிட்டே கடந்திருக்கேன். காந்திஜியின் பொருளாதார ஆலோசகர் ஜே.சி.குமரப்பா கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஊர் அது என்று பிறகுதான் தெரிஞ்சுது.

1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் ஆடிட்டர் படிப்பு, பம்பாயில் தொழில், அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம். அன்னிய ஆட்சியின் வரியும் செலவும் நம்மை எப்படி ஏழையாக்கின என்ற ஆராய்ச்சியோடு 1929-ல் காந்திஜியைச் சந்தித்தார். கோட்டு சூட்டு போய் கதர் வந்தது.

காந்திஜி அவரை குஜராத்தில் மாத்தர் தாலுகாவை சர்வே செய்யச் சொன்னார். குஜராத் வித்யாபீட மாணவர்களோடு கிராமம் கிராமமாகப் போய், விவசாயியின் வரவு செலவைக் கணக்கெடுத்தார். கிராமத் தொழில் பற்றிய காந்திஜியின் எண்ணத்துக்கு இப்படிப்பட்ட கணக்குகள் பலம் கொடுத்தன. 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தியவரும் இவரே.

விடுதலைக்குப் பின் காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். உழுபவருக்கே நிலம் என்றது அதன் 1949 அறிக்கை. நாடோ பெரிய ஆலைகள் பக்கம் திரும்பியது. அவர் கொள்கையை மாத்திக்கலை. 1960 ஜனவரி 30, காந்திஜி மறைந்த அதே தேதியில் மதுரையில் காலமானார்.

நண்பர்களே, நாம மெஷின் படிக்கிறவங்க. அவர் சொன்னது எல்லாத்தையும் என்னால் ஏத்துக்க முடியலை. ஆனால் ஒரு மெஷின் வந்தால் யாருக்கு வேலை, யாருக்கு பட்டினி என்று நேரில் போய் எண்ணிப் பார்க்கணும் என்பதை ஏத்துக்காமல் இருக்க முடியலை. டிராயிங் போர்டில் பென்சில் வைக்கும் முன் நாமும் எண்ணுவோமே!