அச்சேறாத நாற்பது நூல்கள்

கரிசல் மண்ணும் பருத்திச் செடியும் பரந்து விளங்கும் விளாத்திகுளத்துப் பக்கத்தில் எட்டயபுரம் என்னும் ஊர் உளது. அவ்வூரில் 1882-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 11-ஆம் தேதி சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் புதல்வராய்த் தோன்றியவர் சுப்பிரமணிய பாரதியார். அவர் பெயரை அறியாத தமிழ் மாணவர் இலர். ஆயினும், தம் நூல்களை அச்சிற் காண அவர் கொண்ட பேரவாவையும், அது கைகூடாது போன வரலாற்றையும் அறிந்தார் சிலரே. அதனையே ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இளமையிலேயே தாயை இழந்தார். தந்தையார் எட்டயபுரத்தில் நிறுவிய பஞ்சாலை நொடித்துப் போயிற்று. அத்துயரிலேயே அவரும் 1898-இல் மறைந்தார். காசியில் சில காலம் பயின்று ஊர் திரும்பிய பாரதியார், ஜமீனில் பணி ஏற்றார். அந்நாளில் ஆங்கிலக் கவி ஷெல்லியின்பால் ஈடுபட்டு, ஷெல்லிதாசன் என்று புனைபெயரும் பூண்டார். 1904-இல் மதுரையில் சில மாதம் தமிழாசிரியராய் இருந்து, பின் சென்னை சென்று சுதேசமித்திரனில் உதவியாசிரியரானார்.

1906-இல் தோன்றிய இந்தியா வாரப் பத்திரிகையில் அவர் அரசியல் கேலிச்சித்திரங்களை வெளியிட்டார். தமிழ்ப் பத்திரிகையுலகிற்கு அது புதுமை. எழுத்தறியாதாரும் சித்திரத்தைக் கண்டு பொருள் உணர்வர் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். சித்திராவளி என்னும் பெயரில் கேலிச்சித்திரங்களுக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தவும் பின்னாளில் எண்ணினார், அது நிறைவேறவில்லை. 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர், அரசியற் கொள்கையில் மாறுபட்டவராயினும், பாரதியாரின் மூன்று பாடல்களைப் பதினையாயிரம் பிரதிகள் அச்சிட்டு இலவசமாய் வழங்கினார்.

1908-இல் அரசாங்கத்தின் அடக்குமுறைக்குத் தப்பிப் புதுச்சேரி புகுந்தார். அங்குக் கழிந்த பத்தாண்டுகளில் வறுமை மிகுந்தது, கவிதையும் மிகுந்தது. அமெரிக்கக் கவியாகிய வால்ட் விட்மனைப் போற்றி அவர் ஒரு கட்டுரையில் எழுதினார். எதுகை மோனைக் கட்டின்றிப் பாடியமையும், ஆணும் பெண்ணும் சமமாய் வாழும் நகரைக் கனவு கண்டமையும் பாரதியார் உள்ளத்தைக் கவர்ந்தன. அவருடைய வசன கவிதைகளில் விட்மனின் சாயல் உண்டென்பர் அறிஞர்.

அவ்விட்மனின் கதையும் அறியத்தக்கது. அவரும் பத்திரிகையாளரே, அச்சுத் தொழிலும் அறிந்தவர். 1855-இல் புல்லின் இதழ்கள் என்னும் தம் நூலைப் புரூக்ளின் நகரத்து அச்சுக்கூடம் ஒன்றில் தம் செலவிலேயே அச்சிட்டார். சில பக்கங்களுக்குத் தாமே எழுத்துக் கோத்தார். தலைப்புப் பக்கத்தில் தம் பெயரை இடவில்லை. அதற்கெதிரே, உழைப்பாளியின் உடையில் நிற்கும் தம் உருவப்படத்தை வைத்தார். பன்னிரண்டு பாடல்களுடன் தோன்றிய அந்நூலை 1892-இல் மறையுமளவும் விரித்துத் திருத்திப் பலமுறை வெளியிட்டார். 1936-இல் ராக்வெல் கென்ட் என்னும் ஓவியரின் சித்திரங்களோடு அதற்கு ஓர் அழகிய பதிப்பு வந்தது.

பாரதியாருக்கு அப்பேறு வாய்க்கவில்லை. 1918-இல் புதுச்சேரியை நீங்கியவுடன் கைதாகி, விடுதலை பெற்றுக் கடையத்தில் தங்கினார். 1920-இல் தம் நூல்கள் அனைத்தையும் நாற்பது பகுதிகளாக, பகுதிக்குப் பதினாயிரம் பிரதிகள் வீதம், நான்கு லட்சம் பிரதிகள் அச்சிடத் திட்டம் வகுத்தார். நண்பர்களிடம் கடனாகப் பொருள் வேண்டிச் சுற்றறிக்கை விடுத்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் வீடுதோறும் பரவும் என்று நம்பினார். வேண்டிய பொருள் சேரவில்லை. மீண்டும் சுதேசமித்திரனில் அமர்ந்து உழைத்தவர், 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில், முப்பத்தெட்டாம் வயதில் காலமானார்.

மறு ஆண்டிலேயே அவர் மனைவி செல்லம்மா, பாரதி ஆசிரமம் என்னும் பெயரால் பாடல்களை அச்சிட முன்வந்தார். கணவரை இழந்து, இரு பெண் மக்களோடு நின்ற அவ்வம்மையார் செய்த இத்தொண்டு சிறிதன்று. 1947-இல் எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழுந்தது. 1949-இல் அரசாங்கம் பதிப்புரிமையை ஏற்று, பின்னர் அதனை மக்களுக்கே பொதுவாக்கியது. அதன்பின் அச்சான பிரதிகள் அவர் கணக்கிட்ட நான்கு லட்சத்தையும் கடந்துவிட்டன.

மாணவ நண்பர்களே! அவருடைய கணக்கில் பிழை இருந்ததில்லை. பிழை காலத்தில் இருந்தது. கேட்ட கடனைத் தந்து உதவாத அக்காலத்தாரை நாம் குறை கூறுதல் எளிது. நம்மிடையே இன்று எழுதுவோரின் நூலை, அவர் கண் காண விலை கொடுத்து வாங்குகின்றோமா என்று நம்மை நாமே வினவுதல் அதனினும் நன்று.