ஜான் பென்னிகுவிக்

கர்னல் ஜான் பென்னிகுவிக் (15 சனவரி 1841 – 9 மார்ச் 1911) பிரித்தானிய இந்தியாவில் பணியாற்றிய படைத்துறைப் பொறியாளர் ஆவார். மேற்குத் தொடர்ச்சி மலையில் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி, மேற்கே அரபிக்கடல் நோக்கி ஓடிய பெரியாற்று நீரின் ஒரு பகுதியை மலையைக் குடைந்து கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பியவர். இந்நீரால் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கும், மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டப் பகுதிகளும் பயன்பெறுகின்றன.

இளமையும் கல்வியும்

பென்னிகுவிக் மகாராட்டிர மாநிலத்தில் உள்ள புனேயில் பிறந்தார். இவருடைய தந்தையின் பெயரும் ஜான் பென்னிகுவிக். அவர் பிரித்தானியப் படையில் உயர் அதிகாரியாக இருந்தார். 1849 சனவரியில் பஞ்சாபில் நடந்த சிலியன்வாலாப் போரில் தந்தையும் அண்ணன் அலெக்சாந்தரும் ஒரே நாளில் உயிரிழந்தனர். அப்போது இவருக்கு ஏழு வயது. இங்கிலாந்தின் செல்ட்டனாம் கல்லூரியிலும், பின்னர் அடிசுகோம்பு படைத்துறைக் கல்லூரியிலும் பயின்ற இவர், 1860இல் இந்தியாவிற்கு வந்து சென்னை மாகாணப் பொறியாளர் படையில் பணியாற்றத் தொடங்கினார்.

பெரியாற்றுத் திட்டத்தின் பின்னணி

மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் பெருமழை பெய்கிறது. கிழக்கே மழைமறைவில் உள்ள வைகைப் படுகை அடிக்கடி வறட்சியால் வாடியது. இரண்டிற்கும் இடையே நின்றது ஒரு பாறை முகடு மட்டுமே. பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் 1789ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்து இருளப்ப பிள்ளைக்குத் தோன்றியது. 1808இல் இடத்தை ஆய்ந்த கால்டுவெல் என்ற பொறியாளர் திட்டம் நடைமுறைக்கு ஒவ்வாது எனக் கருதினார். 1850இல் சிறிய அளவில் தொடங்கப்பட்ட வேலை காய்ச்சலின் காரணமாகக் கைவிடப்பட்டது. 1876–78 ஆண்டுகளில் தாது வருடப் பஞ்சம் தென்னிந்தியாவில் பல இலட்சம் மக்களைப் பலிகொண்டது. அதன் பிறகே அரசு இத்திட்டத்தை மீண்டும் கையில் எடுத்தது. 1882இல் திட்டத்தைத் திருத்தி வகுக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் அளிக்கப்பட்டது. 1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது.

அணையும் சுரங்கமும்

1887இல் பணிகள் தொடங்கின. அணை சுண்ணாம்பும் சுர்க்கி எனப்படும் செங்கற்பொடியும் கலந்த காரையால் கட்டப்பட்டது. நீளம் ஏறத்தாழ 1,200 அடி. ஆற்றுப்படுகையிலிருந்து உயரம் ஏறத்தாழ 155 அடி. கட்டுமானப் பொருள்களை மலைமேல் ஏற்றக் கம்பிவடப் பாதை அமைக்கப்பட்டது. மழைக்காலத்தில் பெருக்கெடுத்த வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளைப் பலமுறை அடித்துச் சென்றது. ஒவ்வொரு முறையும் அவை மீண்டும் கட்டப்பட்டன.

அணையில் தேங்கும் நீர் தேக்கடியிலிருந்து ஒரு மைலுக்கும் சற்று அதிகமான நீளமுள்ள சுரங்கத்தின் வழியாகக் கிழக்குச் சரிவை அடைகிறது. அங்கிருந்து வைரவனாறு, சுருளியாறு வழியாக வைகையில் கலக்கிறது. சுரங்கம் தோண்டும் பணியில் நீர்விசையால் அழுத்தப்பட்ட காற்றைக் கொண்டு இயங்கும் துளைக்கருவிகள் பயன்பட்டன.

பாறை வேலையின் இடர்கள்

பாறையில் துளையிட்டு வெடிவைக்கும்போது உடைந்த கல் மட்டும் பெயர்வதில்லை. சுற்றியுள்ள பாறையிலும் விரிசல்கள் விரிகின்றன. அவ்வாறு தளர்ந்த கற்கள் சிறிது நேரம் கழித்தோ சில நாள் கழித்தோ முன்னறிவிப்பின்றி விழக்கூடும். ஆகவே ஒவ்வொரு வெடிப்புக்குப் பின்னும் கூரையையும் பக்கங்களையும் கடப்பாரையால் தட்டிப் பார்த்து, தளர்ந்தவற்றைத் தள்ளிய பிறகே உள்ளே செல்வது சுரங்க வேலையின் அடிப்படை வழக்கமாகும். திறந்த மலைச்சரிவில் மழைநீர் விரிசல்களில் புகுந்து பாறையின் பிடிப்பைக் குறைக்கிறது. மரவேர்களும் காலப்போக்கில் விரிசல்களை அகலப்படுத்துகின்றன. குமுளி, போடிமெட்டு மலைச்சாலைகளில் மழைக்காலத்தில் பாறைகள் உருண்டு விழுவதற்கும் செங்குத்துப் பாறைகளில் ஏறுவோர் கல்வீழ்ச்சியை அஞ்சுவதற்கும் காரணம் இதுவே.

எனினும் பெரியாற்றில் பாறையைவிட நோய்களே பேரளவில் உயிர்களைக் கொண்டன. அடர்ந்த காட்டில் மலேரியாக் காய்ச்சல் ஓயாது தாக்கியது. நோயால் இறந்த 483 பேர் அணைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டனர். இவர்களில் பெரும்பாலோருடைய பெயர்கள் பொதுமக்களால் அறியப்படாதவை.

1895 அக்டோபர் 10ஆம் நாள் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு திட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

பிற்கால வாழ்க்கை

பென்னிகுவிக்குக்கு 1895இல் சி. எசு. ஐ. என்ற பட்டம் வழங்கப்பட்டது. 1896 முதல் 1899 வரை இங்கிலாந்தில் கூப்பர்சு கில் அரச இந்தியப் பொறியியல் கல்லூரியின் தலைவராக இருந்தார். பெரியாற்றை மடைமாற்றியது குறித்து 1897இல் பொறியியல் கட்டுரை வெளியிட்டார். 1899இல் ஆத்திரேலியாவின் பிரிசுபேன் ஆற்று வெள்ளத்தைத் தடுப்பது பற்றி ஆலோசனை வழங்கினார். 1911இல் இங்கிலாந்தின் கேம்பர்லி நகரில் காலமானார்.

மக்கள் நினைவில்

அரசு நிதி நின்றபோது பென்னிகுவிக் இங்கிலாந்திலிருந்த தம் சொத்துகளை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்னும் செய்தி கம்பம் பள்ளத்தாக்கில் பரவலாக வழங்குகிறது. இது மக்களின் நன்றியுணர்வை உணர்த்தும் வழக்காகும். அணை சென்னை மாகாண அரசின் பொதுப்பணித் துறைத் திட்டமாகவே நிறைவேற்றப்பட்டது. சொத்து விற்ற செய்திக்கு ஆவணச் சான்று காட்டப்படவில்லை. ஆயினும் அதனால் இவருடைய பெருமை குறைவதில்லை. முந்தையோர் இயலாதென விட்ட பணியை, நோயும் வெள்ளமும் திரும்பத் திரும்பத் தடுத்த போதும், முடிக்கும்வரை இவர் விடவில்லை.

தேனி மாவட்டத்தில் குழந்தைகளுக்கு இவர் பெயரைச் சூட்டும் வழக்கம் உண்டு. பொங்கலை ஒட்டி வரும் இவருடைய பிறந்தநாளில் பாலார்பட்டி உள்ளிட்ட ஊர்களில் மக்கள் பொங்கல் வைத்து வழிபடுகின்றனர். லோயர் கேம்பில் தமிழ்நாடு அரசு அமைத்த மணிமண்டபம் 2013 சனவரி 15இல் திறக்கப்பட்டது. தேனி பேருந்து நிலையமும் இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.