ஜேம்ஸ் லிண்டு

ஸ்காத்லாந்தில் 1716-ஆம் ஆண்டு பிறந்த ஜேம்ஸ் லிண்டு என்பார் ஆங்கிலக் கடற்படையில் வைத்தியராய் அமர்ந்தார். அந்நாளில் நெடுங்கடல் செல்லும் மாலுமிகள் ஈறு வீங்கிப் பல் ஆடி, ஸ்கர்வி என்னும் நோயால் மடிந்தனர். 1747-இல் 'சாலிஸ்பரி' என்னும் கப்பலில் அந்நோயுற்றார் 12 பேரை இவ்விருவராய்ப் பிரித்து, உணவை ஒன்றாக்கி, மருந்தை மட்டும் வெவ்வேறாக்கினார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். இதனை அவர் 1753-இல் நூலாக வெளியிட்டார். ஆயினும், தாம் கண்டதன் முழுப்பயனை அவரும் உணர்ந்திலர். சாற்றைக் காய்ச்சிச் சேமிக்குமாறு கூறினார். காய்ச்சவே அதன் ஆற்றல் குன்றிற்று. 1794-இல் லிண்டு மறைந்தார். 1795-இலேயே கடற்படையார் எலுமிச்சைச் சாறு வழங்க இசைந்தனர். உண்மை ஏட்டளவில் உறங்கிய அவ்வாண்டுகளில் மாண்ட மாலுமிகள் எத்துணையரோ! ஆராய்ந்து காண்டல் பாதி அறமே. கண்டதனை நோயாளியின் படுக்கையருகே கொண்டு சேர்த்தல் மற்றைப் பாதியாம்.