மாஸ்க் மட்டுமல்ல: பினாங்கு டாக்டர் சீனாவில் விட்டுச் சென்றது என்ன?

மாஸ்க் என்றதும் உங்களுக்கு கோவிட் காலம்தான் ஞாபகம் வரும், இல்லையா? அதற்கு நூறாண்டுக்கு மேல் முன்பே, துணியையும் பஞ்சையும் சேர்த்து முகக்கவசம் தைக்கச் சொன்னவர் வூ லியன் தே. நம்ம பினாங்கில், 1879-இல், ஒரு பொற்கொல்லர் வீட்டில் பிறந்தவர். உபகாரச் சம்பளம் பெற்று கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தார்.

1910 டிசம்பரில் வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் வட்டாரத்தில் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். சீன அரசாங்கம் அவரை அங்கே அனுப்பியபோது வயது 31தான். பிளேக் என்றால் எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் காரணம் என்று அப்போது எல்லாரும் நம்பினார்கள். வூ ஓர் உடலை அறுத்துப் பார்த்தார். இது நுரையீரல் பிளேக், மூச்சுவழி பரவுகிறது என்றார். அவரைவிட மூத்த பிரெஞ்சு மருத்துவர் மெனி அதை ஏற்கவில்லை. மாஸ்க் போடாமலே நோயாளிகளைப் பார்த்தார். சில நாளில் அவரும் இறந்துபோனார். அப்புறம்தான் மற்றவர்களுக்குப் பயம் வந்தது.

நோயாளிகளோடு பழகியவர்களைத் தனிமைப்படுத்த இடம் இல்லை. ரஷ்ய ரயில்வேயிடம் சரக்குப் பெட்டிகளைக் கடன் வாங்கினார்கள். நிலம் உறைந்து கிடந்ததால் புதைக்க முடியவில்லை. பேரரசரின் அனுமதி வாங்கி 2,000க்கும் அதிகமான உடல்களை எரித்தார்கள். மொத்தம் சுமார் 60,000 பேர் பலி. 1911 மார்ச்சில் ஹார்பினில் நோய் ஓய்ந்தது.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். அந்த வட்டாரத்தின் ரயில் பாதைகள் ரஷ்யா, ஜப்பான் கையில் இருந்தன. கொள்ளைநோயைக் காட்டியே அவை இன்னும் உள்ளே வரலாம் என்ற அச்சம் சீனாவுக்கு. அதனால் சீனாவே முந்திக்கொண்டு 11 நாடுகளின் நிபுணர்களை முக்டெனுக்கு (இன்றைய ஷென்யாங்) அழைத்தது. பிளேக் கிருமியைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜப்பானியர் கிட்டாசாட்டோவும் வந்தார். தலைமை நாற்காலியில் வூ! ஏப்ரல் மாதம் ஏறக்குறைய முழுக்க ஆய்வு, விவாதம்.

வந்தார்கள், பேசினார்கள், போனார்கள் என்று அது முடியவில்லை. 1912-இல் ஹார்பினைத் தளமாகக் கொண்டு நிரந்தர பிளேக் தடுப்புச் சேவை உருவானது. மருத்துவமனைகளும் ஆய்வுக்கூடமும் வந்தன. 1920-இல் அதே நோய் திரும்பி வந்தபோது பயிற்சி பெற்றவர்கள் தயாராக இருந்தார்கள். அந்த முறை இறந்தவர்கள் பத்தாயிரத்தை ஒட்டித்தான். அதுவும் பெரிய எண்ணிக்கைதான், ஆனால் 60,000 இல்லை.

1930-இல் இன்னொரு படி. அதுவரை சீனத் துறைமுகங்களில் நோய்த்தடுப்புச் சோதனை வெளிநாட்டவர் பிடியில் இருந்தது. உலக நாடுகள் சங்கத்தின் சுகாதார அமைப்பு கைகொடுக்க, சீனா அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதற்கும் தலைவர் வூதான்.

1937-இல் போர் வெடித்ததும் மலாயா திரும்பி, ஈப்போவில் கிளினிக் வைத்து சாதாரண டாக்டராக நோயாளிகளைப் பார்த்தார். 1960-இல் பினாங்கில் காலமானார். அடுத்த முறை பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் பக்கம் போனால் பாருங்கள்: அவர் படித்த பள்ளி அது. பக்கத்திலேயே தாமான் வூ லியன் தே என்று ஒரு குடியிருப்பும் இருக்கிறது.