மாநாட்டைக் கூட்டியவர் பெயர் மாநாட்டில் இல்லை! மார்கரெட் சாங்கர் வரலாறு

மக்கள்தொகைப் பெருக்கம் பற்றி ஆராய எத்தனையோ உலக மாநாடுகள் நடந்துள்ளன. பேராசிரியர்களும் புள்ளிவிவர நிபுணர்களும் கூடிப் பேசியிருக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் வழிகாட்டிய உலக மக்கள்தொகை மாநாடு, 1927-ம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனிவா நகரில் நடந்தது. அதைக் கூட்டியவர் பேராசிரியர் அல்ல. ஏழைகள் வீட்டுப் பிரசவங்களுக்குப் போய் வந்த ஒரு நர்ஸ். அவர்தான் மார்கரெட் சாங்கர் அம்மையார்.

18 முறை கருவுற்ற தாய்

1879 செப்டம்பர் 14-ந் தேதி, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த கார்னிங் என்ற ஊரில் மார்கரெட் பிறந்தார். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். தந்தை கல்லறைக் கற்கள் செதுக்கும் தொழிலாளி. வருமானம் வாய்க்கும் வயிற்றுக்கும் போதவில்லை.

தாய் 18 முறை கருவுற்றார். உயிரோடு பிறந்தவை 11 குழந்தைகள். மார்கரெட் ஆறாவது குழந்தை. ஓயாத பிரசவங்களாலும் காச நோயாலும் உருக்குலைந்த தாய், 1899-ல் கண்ணை மூடினார். அந்தத் துயரம் மகளின் மனதை விட்டு அகலவே இல்லை.

நர்சிங் படித்த மார்கரெட், நியூயார்க் நகரின் கிழக்குப் பகுதியில் வேலை செய்தார். பல நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த இடம் அது. இன்னொரு குழந்தைக்குச் சோறு போட வழியில்லாமல், கருவைக் கலைக்கக் கண்டதையும் செய்து உயிரை விட்ட பெண்களை அவர் நேரில் பார்த்தார்.

கர்ப்பத்தடை முறைகளைத் தபாலில் எழுதி அனுப்புவதைக்கூட ஆபாசக் குற்றமாகக் கருதியது 1873-ம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டத்தை எதிர்த்து 1914-ல் பத்திரிகை நடத்தினார். வழக்குப் பாய்ந்தது. இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றார். மறு ஆண்டு திரும்பி வந்த சில வாரங்களில், அருமை மகள் பெக்கி நிமோனியாவுக்குப் பலியானாள்.

சிறை வாசம்

1916 அக்டோபர் 16-ந் தேதி, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் அமெரிக்காவின் முதல் கர்ப்பத்தடை ஆலோசனை நிலையத்தை மார்கரெட் திறந்தார். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் யூதர்களும் இத்தாலியர்களும். ஆகவே ஆங்கிலம், இத்திஷ், இத்தாலி ஆகிய மூன்று மொழிகளிலும் நோட்டீஸ் அச்சடித்து வினியோகித்தார். முதல் நாளே பெண்கள் குழந்தைகளோடு வரிசையில் நின்றார்கள். சில நாட்களில் போலீஸ் நுழைந்து நிலையத்தை மூடியது. மார்கரெட்டுக்கு 30 நாள் சிறைத் தண்டனை கிடைத்தது.

ஜெனிவாவில் நடந்தது

ஏழை வீட்டுத் துயரத்தை உலக அறிஞர்களின் காதில் போட வேண்டும் என்று அவர் எண்ணினார். 1927 மாநாட்டுக்காக மாதக்கணக்கில் உழைத்தார். நிதி திரட்டினார். அறிஞர்களைக் கடிதம் எழுதி வரவழைத்தார்.

மாநாட்டுத் தலைவர், இங்கிலாந்தின் முன்னாள் பதிவுத்துறைத் தலைவர் சர் பெர்னார்டு மல்லட். கத்தோலிக்க நாடுகள் முகம் சுளிக்குமே என்ற கவலை மேலிடத்தில் இருந்தது. அச்சுக்குப் போக இருந்த நிகழ்ச்சி நிரலை எடுத்த மல்லட், மார்கரெட்டின் பெயரையும், அவரோடு பாடுபட்ட பெண்களின் பெயர்களையும் அடித்துவிட்டார். கர்ப்பத்தடை பற்றிய பேச்சே மேடையில் எழக்கூடாது என்றும் முடிவாயிற்று.

உடன் உழைத்த பெண்கள் கொதித்து எழுந்தார்கள். வேலையை விட்டு விலகவும் துணிந்தார்கள். மார்கரெட்தான் அவர்களைச் சமாதானப்படுத்தித் திரும்ப அழைத்து வந்தார். பெயர் போனால் போகட்டும், மாநாடு நின்றுவிடக் கூடாது என்பதே அவர் எண்ணம்.

மாநாடு நடந்தது. பிழைப்புக்காக நாடு விட்டு நாடு போகும் தொழிலாளர்களின் பிரச்சினையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தலைவர் ஆல்பர்ட் தாமஸ் அங்கே எடுத்துப் பேசினார். மறு ஆண்டே, மக்கள்தொகை ஆய்வுக்கென ஒரு சர்வதேசச் சங்கம் பாரிசில் உருவாயிற்று. ஜெனிவா உரைகள் நூலாக வெளிவந்தபோது, அதன் பதிப்பாசிரியர் மார்கரெட் சாங்கர்! நிகழ்ச்சி நிரலில் அடிக்கப்பட்ட பெயர், நூலின் முகப்பில் ஏறியது.

பம்பாய் மாநாடு

1935-ல் இந்தியா வந்த மார்கரெட், வார்தாவில் காந்தியடிகளைச் சந்தித்தார். மனக்கட்டுப்பாடே வழி என்ற காந்தியடிகள் கருத்தை அவரால் ஏற்க முடியவில்லை. அதே பயணத்தில் திருவனந்தபுரத்தில் கூடிய அகில இந்திய மாதர் மாநாட்டிலும் பேசினார். தமிழ்நாட்டில் பெரியார் ஈ.வெ.ரா. பெண் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்று பிரசாரம் செய்துவந்த காலம் அது.

1952 நவம்பரில் பம்பாயில், இன்றைய மும்பையில், குடும்பக் கட்டுப்பாடு பற்றிய சர்வதேச மாநாடு கூடியது. முன்னின்று நடத்தியவர், சென்னை ராணி மேரி கல்லூரியில் ஆசிரியையாக இருந்த தன்வந்தி ராமராவ் அம்மையார். ஜெனிவாவில் வாய் திறக்கக் கூடாது என்ற விஷயமே இங்கே மாநாட்டின் பொருளாயிற்று. சர்வதேசக் குடும்பத் திட்டச் சம்மேளனம் பம்பாயிலேயே பிறந்தது. மார்கரெட்டும் தன்வந்தி அம்மையாரும் அதன் கௌரவத் தலைவர்கள் ஆனார்கள்.

கர்ப்பத்தடை மாத்திரை ஆராய்ச்சிக்குப் பண உதவி கிடைக்கச் செய்தவரும் மார்கரெட்தான். 1960-ல் அந்த மாத்திரைக்கு அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. 1966 செப்டம்பர் 6-ந் தேதி அரிசோனா மாநிலத்தில் அவர் காலமானார்.

நீங்காத களங்கம்

மார்கரெட்டிடம் பெரிய குறை ஒன்றும் உண்டு. தகுதியற்றவர்கள் பிள்ளை பெறக்கூடாது என்ற இன மேம்பாட்டுக் கொள்கையை அவர் ஆதரித்தார். இதைக் காரணம் காட்டி, 2020-ல் நியூயார்க் மருத்துவ நிலையம் ஒன்றிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. முதல் முறை பெயர் போனது பிறர் செய்த அநீதியால். இரண்டாம் முறை போனது தம் தவறால்.

ஒருவர் பிள்ளை பெறுவதை இன்னொருவர் தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதை இந்திய ஏழைகள் 1975-77 நெருக்கடி நிலைக் காலத்தில் அறிந்தார்கள். கட்டாயக் கருத்தடை ஆபரேஷனுக்குப் பயந்து ஊரை விட்டே ஓடியவர்கள் உண்டு.

1994-ல் கெய்ரோவில் கூடிய ஐ.நா. மாநாடு, எண்ணிக்கை இலக்குகளை ஒதுக்கி, பெண்ணின் சொந்த விருப்பத்துக்கு முதலிடம் தந்தது. புரூக்ளினில் குழந்தைகளோடு வரிசையில் நின்ற பெண்கள் கேட்டதும் அதைத்தான். மாநாட்டு மேடை அதை ஏற்க 78 ஆண்டுகள் ஆயின.