தாய்மார் பேச்சைக் கேட்ட டாக்டர் – நார்மன் கிரெக்

நம்ம சுவர்ப் பத்திரிகையில் காந்தி, காமராசர், அப்துல் கலாம் எல்லோரைப் பற்றியும் எழுதியாச்சு. நான் ஒரு கண் டாக்டரைப் பற்றி எழுதுகிறேன். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் என் தம்பிக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தது. மறுநாள் முகத்தில் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்து உடம்பெல்லாம் பரவியது. காதுக்குப் பின்னாடி நெறி கட்டியிருந்தது. அம்மை போட்டிருக்கு என்று அப்பாயி வாசலில் வேப்பிலை செருகியது. மூணு நாளில் எல்லாம் மறைந்துவிட்டது. ஆனால் அந்த நேரம் பார்த்து எங்க சித்தி அவனைப் பார்க்க வந்துட்டாங்க. சித்தி அப்போ ரெண்டு மாசம் முழுகாமல் இருந்தாங்க. விஷயம் தெரிந்ததும் நர்ஸம்மா பதறிப்போய், ரத்தம் சோதிக்கச் சித்தியைப் புதுக்கோட்டைக்கு அனுப்பிவிட்டார்.

தம்பிக்கு வந்ததற்குச் சித்திக்கு எதுக்கு ரத்தம் பார்க்கணும்? அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவர் சொன்னதுதான் கிரெக்கின் கதை.

நார்மன் கிரெக் 1892 மார்ச் 7 அன்று ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பிறந்தார். 1915-ல் டாக்டருக்குப் படித்து முடித்தார். முதல் உலகப் போரில் ராணுவ டாக்டராகப் போய் வீரப்பதக்கம் வாங்கினார். திரும்பி வந்து சிட்னியில் கண் டாக்டர் ஆனார்.

1941-ல் அவரிடம் கண்ணில் புரையோடு பிறந்த குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. புரை தாத்தா பாட்டிக்கு வருவது. பச்சைப் பிள்ளைக்கு எப்படி வரும்? பல குழந்தைகள் இளைத்துப்போய், பால் குடிக்கவே சிரமப்பட்டன. இருதயக் கோளாறும் இருந்தது. பரம்பரை நோய் என்று விட்டிருக்கலாம், அவர் விடவில்லை. காத்திருந்த ரெண்டு தாய்மார், வயிற்றில் பிள்ளை இருந்தப்போ தங்களுக்கு ஜெர்மன் தட்டம்மை வந்ததைப் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்ததாம். ஜெர்மன் தட்டம்மை என்பதுதான் ரூபெல்லா. மற்ற டாக்டர்களிடமும் விசாரித்து 78 குழந்தைகளின் விவரம் சேர்த்தார். அதில் 68 பேரின் அம்மாவுக்குக் கர்ப்ப காலத்தில் ரூபெல்லா வந்திருந்தது! 1941 அக்டோபர் 15-ல் மெல்போர்னில் டாக்டர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னார்.

எல்லோரும் உடனே நம்பவில்லை. லண்டன் லான்செட் பத்திரிகை 1944-ல் இது இன்னும் நிரூபணமாகவில்லை என்றது. பிறகு அந்தப் பிள்ளைகளில் பலருக்குக் காதும் கேட்கவில்லை என்று தெரிந்தது. உலகம் ஒத்துக்கொண்டது. 1953-ல் சர் பட்டம் கிடைத்தது. 1966-ல் இறந்தார். ரூபெல்லா தடுப்பூசி 1969-ல்தான் வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம்.

இது ஆஸ்திரேலியாக் கதை மட்டும் இல்லை. 1990-களில் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் ஆராய்ந்தபோது, புரை இருந்த ஒரு வயசுக்கு உட்பட்ட குழந்தைகளில் சுமார் நாலில் ஒன்றுக்கு ரூபெல்லாதான் காரணமாக இருந்தது.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயசுக்கு உட்பட்ட எல்லோருக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்கள். வாட்ஸ்அப்பில் புரளி கிளம்பி நிறையப் பேர் பயந்தார்கள். எனக்கு அப்போ அஞ்சு வயசு, அழுதுகொண்டே போட்டுக்கொண்டேன். இப்போது 9 மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயசு வாக்கில் ஒன்று. தம்பிக்குப் போட வேண்டிய சமயம் நாங்கள் திருப்பூரில் இருந்தோம், விட்டுப்போச்சு.

முதல் மூணு மாசத்தில் தாய்க்கு வந்தால் பத்தில் ஒன்பது குழந்தைகள் வரை பாதிக்கலாம் என்றார் டீச்சர். நோய்க்குத் தனி மருந்து கிடையாது, ஓய்வும் கஞ்சித்தண்ணியும்தான். பொரி வந்து ஏழு நாள் பள்ளிக்கூடம் வரக்கூடாது. கர்ப்பிணிகள் பக்கமே போகக்கூடாது. சில பேருக்குப் பொரியே தெரியாமல் வந்து போகுமாம்! கர்ப்பமான பிறகு இந்த ஊசி போட மாட்டார்கள், முன்னாடியே போட்டு ஒரு மாசமாவது விட வேண்டும்.

சித்தி ரத்தம் கொடுத்துவிட்டு வந்த அந்த நாட்களில் எங்க வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தம்பி தன்னால்தான் என்று அழுதான். சித்திக்குச் சின்ன வயசிலேயே இந்த நோய் வந்து எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று முடிவு வந்தது. பாப்பா தை மாசம் பிறந்தது. தம்பி தினமும் கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்க்கிறான். அது டக்கென்று திரும்பி அவனையே பார்க்குது.