டென்னிஸ் ஆடாமலே மைதானத்துக்குப் பெயரானவர்

ஒவ்வொரு வருஷமும் மே கடைசியில் பாரிசில் ஃபிரெஞ்சு ஓப்பன் ஆரம்பிக்கும். செம்மண் தரையில் சறுக்கிக்கொண்டே பந்தை அடிப்பார்களே, அதேதான். 2005 முதல் 2022 வரை 14 தடவை ரஃபேல் நடால் ஆண்கள் பட்டத்தை அள்ளிய இடம். மைதானத்தின் பெயர் ரோலண்ட் காரோஸ். யாரோ பழைய டென்னிஸ் சாம்பியன் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை! அவர் ஒரு விமானி. சொல்லப்போனால் நம்ம மெக்கானிக்கல் பிரிவுக்குச் சொந்தக்காரர்.

இந்துமகா சமுத்திரத்தில் ரீயூனியன் என்று ஒரு தீவு. கரும்புத் தோட்டக் கூலிகளாக நம் தமிழர்கள் கப்பலேறிப் போன தீவுகளில் அதுவும் ஒன்று. அங்கே 1888 அக்டோபர் 6-ல் காரோஸ் பிறந்தார். அப்பா வக்கீல். பையன் வளர்ந்தது சைகோனில். பன்னிரண்டு வயதில் நிமோனியா வந்து உடம்பு நொந்துபோனவர், பிரான்சுக்கு வந்து சைக்கிள் மிதித்தே உடம்பைத் தேற்றினார். படித்ததோ பாரிசில் வணிகப் படிப்பு! படித்து முடித்து கார் விற்றுக்கொண்டிருந்தவர், 1909 ஆகஸ்டில் ரைம்ஸ் நகரில் விமானக் கண்காட்சியைப் பார்த்தார். அவ்வளவுதான், கார் மறந்துபோச்சு. மூங்கில் சட்டம் போட்ட "தெமுவாசெல்" என்ற குட்டி விமானத்தை வாங்கிப் பறக்கக் கிளம்பிவிட்டார். 1912-ல் டூனிஸ் நகருக்கு மேலே 5,610 மீட்டர் ஏறி உலக சாதனை.

1913 செப்டம்பர் 23 அன்று செய்ததுதான் பெரிய காரியம். பிரான்சின் ஃபிரேஜுசிலிருந்து விடிகாலையில் கிளம்பி, மத்தியதரைக் கடலை எங்கும் நிற்காமல் தாண்டி, ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில் ஆப்பிரிக்காவின் பிசெர்த்தில் இறங்கினார். அதற்கு முன் யாரும் செய்ததில்லை. ஒரே ஆள், ஒரே இன்ஜின், கீழே தண்ணீர். அந்தக் கால ரோட்டரி இன்ஜினில் சிலிண்டர்களே ப்ரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். லூப்ரிகேஷனுக்கு என்ன தெரியுமா? நம்ம வீட்டு விளக்கெண்ணெய்! வழியில் இன்ஜின் மக்கர் செய்தும் திரும்பவில்லை. இறங்கும்போது டாங்க்கில் மிச்சம் சுமார் 5 லிட்டர் பெட்ரோல். மனுஷன் நெஞ்சில் என்ன இருந்திருக்கும்!

அடுத்த வருஷம் உலகப் போர். விமானத்தின் மூக்குக்கு நேராகத் துப்பாக்கியைப் பொருத்தினால் குறி தப்பாது, ஆனால் சுட்டால் நம்ம ப்ரொப்பெல்லரே முதலில் உடையும். காரோசும் விமானத் தயாரிப்பாளர் சோல்னியேயும் மெக்கானிக் ஜூல் ஹ்யூவும் உட்கார்ந்து யோசித்தார்கள். பிளேடுகளில் ஆப்பு வடிவத்தில் உருக்குத் தகடு. படுகிற குண்டு தெறித்து ஓடிவிடும், மற்றவை இடைவெளியில் பாயும். பார்க்கப்போனால் முரட்டு வேலைதான், நம்ம ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் வேலை செய்தது. 1915 ஏப்ரலில் மூன்று ஜெர்மன் விமானங்கள் விழுந்தன.

அதே ஏப்ரல் 18-ல் விதி விளையாடியது. எதிரி எல்லைக்குள் இறங்க வேண்டியதாயிற்று. ரகசியம் போய்விடக் கூடாதே என்று விமானத்துக்குத் தீ வைத்தார். முழுசாக எரியவில்லை. ஆள் கைதி, தகடு ஜெர்மானியர் கையில். அவர்கள் அதைக் காப்பியடிக்கவில்லை. ப்ரொப்பெல்லர் சுற்றுவதற்கேற்ப துப்பாக்கியை நிறுத்தி நிறுத்திச் சுடவைக்கும் இணைப்பை ஃபோக்கர் கம்பெனி கொண்டுவந்தது. அந்த யோசனைக்கு ஜெர்மனியில் முன்பே பேட்டன்ட் இருந்ததால், எல்லாம் காரோசின் விமானத்தால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்குப் பிறகு பல மாதம் வானத்தில் விழுந்தவர்கள் அவருடைய சகாக்கள். சிறைக்குள் இருந்த அவர் அதைக் கேட்டு என்ன பாடு பட்டிருப்பார்!

கிட்டத்தட்ட மூன்று வருஷம் சிறை. 1918 பிப்ரவரியில் மார்ஷால் என்ற சக விமானியோடு ஜெர்மன் அதிகாரி வேஷம் போட்டுத் தப்பித்து, ஹாலந்து வழியாக ஊர் வந்தார். கண்பார்வை மங்கியிருந்தது. பிரதமர் கிளெமன்சோ ஆபீசில் உட்கார்ந்து ஆலோசனை சொல்லச் சொன்னார். கேட்கவில்லை. ரகசியமாகக் கண்ணாடி செய்துகொண்டு மறுபடி வானத்துக்குப் போனார். அக்டோபர் 5, வூசியே அருகே சுட்டு வீழ்த்தப்பட்டார். மறுநாள் அவருக்கு முப்பதாவது பிறந்தநாள். போர் முடிய ஐந்து வாரம்தான் பாக்கி.

டென்னிஸ் எங்கே என்கிறீர்களா? 1927-ல் லகோஸ்ட், கோஷே, பொரோத்ரா, ப்ருன்யோன் நாலு பேரும் அமெரிக்காவில் போய் டேவிஸ் கோப்பையைத் தூக்கி வந்தார்கள். (பொரோத்ராவும் பாலிடெக்னிக் ஆள்தான், ஆனால் அந்தப் பாலிடெக்னிக் வேறு, நம்மது வேறு!) மறுவருஷம் கோப்பையைக் காப்பாற்றும் ஆட்டத்துக்குப் புது மைதானம் வேண்டும். ஸ்தாத் பிரான்சே கிளப் இடம் தந்தது. கிளப் தலைவர் எமில் லெசியர் காரோசின் கல்லூரித் தோழர். நண்பன் பெயரை வைத்தால்தான் இடம் என்று பிடிவாதமாக நின்றார். வைத்தார்கள்.

சிவில் நண்பர்களுக்கு ஒரு சேதி. அந்தத் தரை செம்மண்ணே அல்ல. அடியில் கல், அதன்மேல் கரிக்கசடு, அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்புக்கல், எல்லாவற்றுக்கும் மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குச் செங்கல் தூள். டிவியில் ஆட்டக்காரர் சறுக்கும்போது கிளம்புகிறதே சிவப்புப் புழுதி, அது நம்ம செங்கல்தான்.